ராணுவ உள்தளத்தில் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன: எங்கிருந்து சரிசெய்வது?

கல்லிடைக்குறிச்சித் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு, பாதுகாப்புத் துறைப் பயிற்சி நிலையம் ஒன்றின் உள்தளத்தை (அங்கே வேலை செய்பவர்கள் மட்டும் பார்க்கும் இணையதளத்தை) பராமரிக்கும் ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. அவர் எழுதியதன் சாரம்: "அண்ணாச்சி, பல வருஷத்துக் கோப்பு அப்படியே கிடக்கு. ஒரே எஸ்ஓபி (ஒரு வேலையை எப்படிச் செய்யணும்ங்கிற நடைமுறை ஆணை) மூணு இடத்துல மூணு மாதிரி இருக்கு. எதைத் தேடினாலும் வேற ஏதோ வருது. எந்த மென்பொருளுக்கு மாத்தினா சரியாகும்? ஏஐ தேடல் போட்டுட்டா போதுமா? வெளிநாட்டு ராணுவத்துல இதையெல்லாம் எப்படிச் செய்யுறாங்க?"

நான் தரைப்படையில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். இப்போது பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு ஓய்வூதியக் காகித வேலைகளில் உதவுகிறேன். கோப்பை எழுதிய பக்கமும் இருந்திருக்கிறேன், அது தவறினால் அலைகிறவர்கள் பக்கமும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். மென்பொருளைக் கடைசிக்குத் தள்ளுங்கள், தம்பி. தளத்தில் உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் எந்தப் பதவி பொறுப்பு, அதை அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும், பழசாகிவிட்டால் அதை எடுக்கும் அதிகாரம் யாருக்கு ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாத தளத்தை எந்த மென்பொருளும் காப்பாற்றாது. இவை இருந்தால், அலுவலகக் கோப்புகளைப் பகிர்வதற்கான சாதாரண ஷேர்பாயின்ட் மென்பொருளே போதும். அமெரிக்க ராணுவத்தில் பல பிரிவுகளின் உள்தளங்கள் அதில்தான் ஓடியிருக்கின்றன.

பொறுப்பைப் பதவியின் பேரில்தான் போட வேண்டும், ஆள் பேரில் போடக் கூடாது. உங்கள் கம்பெனியில் ஒருவர் எட்டு வருஷம் ஒரே நாற்காலியில் இருக்கலாம். ராணுவத்தில் அது நடக்காது. ஓர் அதிகாரி இரண்டு மூன்று வருஷத்தில் பெட்டி கட்டிவிடுவார். ஹெட் கிளார்க்குக்கும் மாற்றல் வரும். சில சமயம் யூனிட் மொத்தமும் ராஜஸ்தானிலிருந்து அருணாசலத்துக்குக் கிளம்பும். எந்தப் பாலம் பாரவண்டியைத் தாங்கும், எந்த ஓடை ஜூலையில் பாதையை அடைக்கும், எந்த உதிரிப் பாகத்தை எந்த டிப்போவில் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்பதெல்லாம் அங்கே இருந்தவர்களோடு ரயிலேறிப் போய்விடும். நம்ம ஊர்க் குளத்து நீர்பாய்ச்சிக்கு எந்த மடையை எவ்வளவு நேரம் திறந்தால் கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் எட்டும் என்பது மனப்பாடம். ஆனால் அவர் ஆயுசு முழுக்க அதே வரப்பில் நடக்கிறார், பின்னாலேயே அவர் மகனும் நடந்து பழகுகிறான். ராணுவத்துக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் உலகத்தில் எந்த ராணுவமானாலும் எழுதி வைப்பதில் இவ்வளவு பிடிவாதம்.

இந்தப் பிடிவாதம் கணினிக்கு முன்பே இருந்தது. பழைய கையேட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் முதலில் பாடம் வராது. திருத்தப் பட்டியல்தான் வரும். கட்டம் போட்ட தாள். திருத்தத்தின் எண், அது வந்த தேதி, அதைப் புத்தகத்தில் சேர்த்தவரின் சுருக்கொப்பம். மேலிடத்திலிருந்து திருத்தச் சீட்டு வந்தால், கிளார்க் அதைக் கத்தரித்து, சம்பந்தப்பட்ட பத்தியின் மேல் பசை தடவி ஒட்ட வேண்டும். பழைய வரி அடியில் மறைந்துவிடும். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து சுருக்கொப்பம் வைக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி புத்தகத்தைப் படிக்கவே மாட்டார். அந்தக் கட்டத்தைப் பார்ப்பார், ஏழாம் திருத்தத்துக்குப் பிறகு ஒன்பதாம் திருத்தம் இருந்தால் எட்டு எங்கே என்று கேட்பார். ரகசிய ஆவணம் என்றால் மொத்தப் பிரதி எத்தனை, அதில் இது எத்தனையாவது என்று அட்டையிலேயே இருக்கும். குறித்த காலத்துக்கு ஒருமுறை எல்லாப் பிரதியையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அழிப்பதென்றால் அதிகாரிகள் குழு ஒன்று உட்கார்ந்து, கண் முன்னால் எரித்து, சான்றிதழ் எழுத வேண்டும்.

இத்தனை ஒழுங்கையும் உள்தளம் வந்த பிறகு பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். கோப்பை மேலேற்றுவது ஒரு கிளிக்கில் முடிகிறது, அதற்கு யாருடைய சுருக்கொப்பமும் தேவைப்படவில்லை. புதியது ஏறியபோது பழையது இறங்கவில்லை. உங்கள் தளத்தில் ஒரே எஸ்ஓபி மூன்று வடிவில் இருப்பதற்குக் காரணம் இதுதான். மூன்று அதிகாரிகள் வந்தார்கள், ஆளுக்கு ஒன்றை ஏற்றினார்கள், போனார்கள். எதையும் எடுக்கும் அதிகாரம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

இதன் விலையை நான் வாரா வாரம் பார்க்கிறேன். ராதாபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். கணவர் தவறிய பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களோடு. படிவத்தைப் பேரன் கணினி மையத்தில் ஒரு தளத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான். எந்த அலுவலகத்தின் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. அந்தப் படிவம் வழக்கொழிந்து வெகுநாளாகிவிட்டது. புதிய படிவமும் அதே தளத்தில் இன்னொரு மூலையில் இருந்தது. பழைய பக்கத்தில் "இது செல்லாது, இதற்குப் பதில் இதைப் பாருங்கள்" என்று ஒரு வரி இல்லை. நோட்டரிக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துக்கு இரண்டு நடை, எல்லாம் வீண். உள்தளமோ வெளித்தளமோ, எடுக்கப்படாத பழைய பக்கம் ஒரு மனுஷியை இப்படித்தான் அலைய விடுகிறது.

அதே அம்மாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது, அது இதைவிட ஆழமானது. ஜவானுக்குக் கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் யூனிட் அதைப் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு ஆணையாக வெளியிட வேண்டும். அந்த ஆணை, வீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய் அவருடைய ஆவணத்தில் ஏறினால்தான் ராணுவத்தைப் பொறுத்தவரை அந்த மனைவி மனைவி, அந்தப் பிள்ளை பிள்ளை. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் அந்த ஆபீஸ் நீலகிரி வெல்லிங்டனில். அன்று எழுதிய பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்து, இன்று ஆதாரில் வேறாக இருந்தால், ஸ்பர்ஷ் ஓய்வூதியத் தளம் இரண்டையும் பொருத்திப் பார்த்து நின்றுவிடும். பல பத்தாண்டுக்கு முன் ஒரு மேஜையில் ஒருவர் செய்த பதிவு இன்று ஒரு குடும்பத்தின் சோறு. நிறுவன அறிவு என்று பெரிய பெயரில் பேசுவதெல்லாம் அடிமட்டத்தில் இதுதான், தம்பி. உங்கள் தளத்தில் இருப்பது வெறும் கோப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, வெளிநாட்டுக் கதைக்கு வருகிறேன். இதில் அதிகம் எழுதி வைத்திருப்பது அமெரிக்கத் தரைப்படை. கன்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் லெவன்வொர்த்தில் 1985இல் படிப்பினைகளைத் திரட்டுவதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். 2000களின் தொடக்கத்தில் ஆர்மி நாலெட்ஜ் ஆன்லைன் என்ற பொதுத் தளத்தில் வீரர் ஒவ்வொருவருக்கும் கணக்குக் கொடுத்தார்கள். 2008இல் அறிவு மேலாண்மைக்கென்று தனிக் கையேடே போட்டார்கள். 2015இல் வந்த ஏடிபி 6-01.1 என்ற வெளியீடு அதற்கு அடுத்தது. ஆட்கள், நடைமுறை, கருவி, அமைப்பு என்று நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார்கள். கருவி அந்த நான்கில் ஒன்று மட்டும்தான். நிலைமையை ஆராய்ந்து, திட்டமிட்டு, உருவாக்கி, சின்ன அளவில் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வரிசை. பொறுப்பும் கணினிப் பிரிவின் தலையில் இல்லை. தலைமை அலுவலகத்தில் தளபதிக்கு அடுத்து அலுவல்களை நடத்துகிற மூத்த அதிகாரியிடம் இருக்கிறது. இது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. கணினிக்காரரால் ஒரு மேஜரிடம் போய் "உங்கள் பக்கம் பழசாகிவிட்டது, எடுக்கிறேன்" என்று சொல்ல முடியாது. அடுத்த அதிகாரத்தில் இருப்பவரால் முடியும்.

ஆனால் மேலிருந்து கட்டிய தளங்களைவிட, கீழிருந்து முளைத்த இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன.

ஒன்று, கம்பெனி கமாண்ட் என்ற தளம். 2000ஆம் ஆண்டு இரண்டு இளம் அதிகாரிகள் ராணுவத்திடம் அனுமதி, நிதி எதுவும் கேட்காமல் தொடங்கியது. நூறு, நூற்றைம்பது பேர் கொண்ட படைப்பிரிவான கம்பெனியை முதன்முதலாக நடத்தப் போகிற கேப்டன்கள், ஏற்கெனவே நடத்தியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடம். என் ஆள் ஒருவன் கடனில் மூழ்கிவிட்டான், என்ன செய்ய? இறந்த வீரரின் வீட்டாரிடம் எப்படிப் பேச? இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கையேட்டில் பதில் இருக்காது. 2002இல் அந்தத் தளத்தை ராணுவத்துக்கே கொடுத்துவிட்டார்கள், வெஸ்ட் பாயின்ட் பயிற்சிக் கழகம் அதை ஏற்று நடத்தியது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் பொறுப்பெடுத்து, கேள்வி கேட்டவரை அதே சிக்கலைப் பார்த்த இன்னொருவரோடு சேர்த்து வைக்கும் அதிகாரிகள் இருந்தார்கள். தளம் உயிரோடு இருந்தது அவர்களால்தான்.

இன்னொன்று 2004இல் பாக்தாதில் நடந்தது. அங்கே இருந்த அமெரிக்காவின் முதலாம் குதிரைப்படை டிவிஷன் கேவ்நெட் என்று ஓர் உள்தளம் வைத்திருந்தது. ரோந்து போய் வந்தவர்கள் அன்று கண்டதை அன்றே அதில் எழுதுவார்கள். சுவரில் ஒட்டிய போஸ்டருக்குப் பின்னால் வெடிகுண்டு வைக்கிறார்கள், போஸ்டரைக் கிழிக்கப் போகும் வீரர் மாட்டிக்கொள்கிறார் என்று ஒருவர் எழுதினார். வேறொரு பகுதியில் இருந்த லெப்டினன்ட் அதைப் படித்துவிட்டுத் தன் ஆட்களை எச்சரித்தார். அவர்கள் அதேபோல் ஒரு போஸ்டரைக் கண்டு, தொடாமல் பின்னால் பார்த்தபோது குண்டு இருந்தது. முறையான கையேட்டில் ஏறுவதற்கு மாதக்கணக்காகும் தகவல் இது. அதனால் உங்கள் தளத்தில் இரண்டு வேகம் தேவை. ஒப்புதல் பெற்ற ஆணைகளுக்கு ஒரு பகுதி, அங்கே யாரும் கை வைக்கக் கூடாது. அனுபவக் குறிப்புகளுக்கு இன்னொரு பகுதி, அங்கே நாயக் போன்ற கீழ்ப்பதவியில் இருப்பவரும் எழுதலாம், ஆனால் பக்கத்தின் நெற்றியிலேயே "ஒப்புதல் பெறாதது" என்று இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தேடல் பட்டியலில் வித்தியாசம் தெரியாமல் கலந்து காட்டினால் ஆபத்து.

படிப்பினை எழுதுவதற்கு அமெரிக்கர்கள் பழக்கிய முறை எளிது. பயிற்சி முடிந்த கையோடு, தூசி தட்டுவதற்குள், அங்கேயே உட்காருவார்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன் அப்படி? எதைத் தொடர வேண்டும், எதை மாற்ற வேண்டும்? இந்த நான்கு கேள்விதான். பதவி வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் பேச வேண்டும். நம் ராணுவத்திலும் பயிற்சிக்குப் பிறகு, நடந்ததைப் பேசிப் பார்க்கும் டீபிரீஃப் உண்டு. சுபேதார் சாப் முன்னால் சிப்பாய் வாய் திறப்பது கஷ்டம் என்பதும் உண்மை. மேலதிகாரி முதலில் தன் தவறைச் சொன்னால் மட்டுமே மற்றவர் வாய் திறக்கும், இதற்கு எந்தத் தளமும் மாற்று கிடையாது.

எழுதுகிற விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலான படிப்பினைப் பக்கங்கள் வீணாகின்றன. 2023 டிசம்பர் 17, 18இல் நம் பக்கம் வந்த வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி இரு கரையையும் விழுங்கியது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் ரயிலோடு சிக்கினார்கள். முப்படையும் மீட்புக்கு வந்தது. அப்படிப்பட்ட ஒரு பணிக்குப் பிறகு ஒரு பிரிவு, "மாவட்ட நிர்வாகத்துடன் ஒருங்கிணைப்பு மேம்பட வேண்டும்" என்று எழுதினால் அடுத்த முறை வருகிற கேப்டனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் புனேயிலிருந்து வந்திருப்பார், ஏரலும் ஆழ்வார்திருநகரியும் எந்தத் திசை என்றே தெரியாது. மருதூர் அணையில் எந்த அளவு தண்ணீர் போனால் எந்தச் சாலை மூழ்கும், அப்போது மாற்று வழி எது, ஹெலிகாப்டர் இறங்கக் கூடிய மேட்டுத் திடல் எந்த ஊரில் எந்தப் பள்ளிக்குப் பின்னால், செல்போன் கோபுரம் விழுந்தால் ஊரோடு பேச என்ன வழி, படகு யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதினால் அது பயன்படும். ஆளின் பெயரும் எண்ணும் அடுத்த வருஷம் மாறிவிடும், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் என்று பதவியை எழுத வேண்டும்.

எழுதியதோடும் வேலை முடியாது. நேட்டோ அமைப்பு லிஸ்பனில் இதற்கென்று ஒரு மையம் நடத்துகிறது. குறையைக் கண்டுபிடித்து எழுதுவது ஒரு நிலை. அதைச் சரிசெய்து, சரியானது என்று சோதித்து உறுதிசெய்த பிறகுதான் கற்றதாகக் கணக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். உங்கள் தளத்திலும் ஒவ்வொரு படிப்பினைக்கும் பக்கத்தில் நிலைமையைக் காட்டுங்கள். யார் கையில் இருக்கிறது, எந்த எஸ்ஓபியில் எந்தப் பத்தி மாறியது. அந்தக் கட்டம் ஒரு வருஷமாகக் காலியாக இருந்தால் தளபதியின் கண்ணில் பட வேண்டும்.

முகப்புப் பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. பூங்கொத்து கொடுக்கும் படமும் வாழ்த்துச் செய்தியும் இருக்கட்டும், கீழே இருக்கட்டும். மேலே, அந்த வாரம் யாருக்கு என்ன அறிக்கை போக வேண்டும், தளபதி முடிவெடுக்கக் காத்திருக்கும் விஷயம் என்ன, சமீபத்தில் மாறிய ஆணைகள் எவை என்ற மூன்று போதும். காலையில் அலுவலகம் திறந்ததும், தளபதியின் நிர்வாக வேலைகளைக் கவனிக்கும் அதிகாரியான அட்ஜுடன்ட் வேறெங்கும் போகாமல் இந்தப் பக்கத்துக்கு வருகிற மாதிரி ஆக்கிவிட்டால் மற்றவர்கள் தானாக வருவார்கள்.

கோப்புப் பெயரில் ஒரே விதி போதும்: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி, பிறகு பொருள், பிறகு பொறுப்புப் பதவி. 'இறுதி', 'புதிய இறுதி' என்ற பெயர்களைத் தளமே ஏற்காதபடி செய்யுங்கள். ஒரு கோப்பு ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் அதற்கு இணைப்பு மட்டும். மின்னஞ்சலிலும் கோப்பை இணைக்காமல் இணைப்பை அனுப்பப் பழக்கினால், மூன்று வடிவம் என்ற நோய் பாதி குணமாகும்.

இனி பாதுகாப்பு. ரகசியம், அதிரகசியம் என்று முத்திரை குத்திய தாளைப் பற்றி எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். முத்திரையில்லாத சாதாரணத் தகவல்கள் ஒன்று சேர்வதில்தான் எனக்குப் பயம். விஜயநாராயணத்தில் 1990 முதல் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இயங்குகிறது, நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்புகொள்ளும் கடற்படை நிலையம். அது அங்கே இருப்பது நம் ஊரில் யாருக்கும் புதிதல்ல, செய்தித்தாளிலேயே வந்திருக்கிறது. ஆனால் எந்த ராணுவ நிலையமானாலும் அதன் காவல் பணிப் பட்டியல், மெஸ்ஸுக்கு வாங்கும் அரிசிக் கணக்கு, ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் தேதி, விடுப்புப் பட்டியல் ஆகிய நான்கும் ஒரே கையில் கிடைத்தால், எத்தனை பேர் இருக்கிறார்கள், எப்போது பலம் குறைவு என்று வெளியாள் கணக்குப் போட்டுவிடலாம். தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் வெறும் அலுவலகத் தாள். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலியின் உலக வரைபடத்தில், வீரர்கள் தினமும் ஓடிய தடங்களே பாலைவனத்து முகாம்களின் வடிவத்தைக் கோடு போட்டுக் காட்டிவிட்டன. அங்கே யாரும் எதையும் கசியவிடவில்லை.

கூடங்குளம் நமக்கு மிக அருகில் உள்ள பாடம். 2019 செப்டம்பரில் அங்கே தீநிரல் (கணினியில் புகுந்து கெடுதல் செய்யும் மென்பொருள்) ஒன்று கண்டறியப்பட்டது. அந்த அக்டோபர் 30ஆம் தேதி அணுமின் கழகம் அதை உறுதிசெய்தது. நிர்வாக வேலைகளுக்கான வலையமைப்பில், இணையத்தோடு இணைந்திருந்த ஒரு பயனரின் கணினியில் அது இருந்தது, உலையை இயக்கும் அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என்றது. பிரித்து வைத்தது காப்பாற்றியது, சரி. ஆனால் புகுந்த இடத்தைப் பாருங்கள், நிர்வாக வலையமைப்பு. விடுப்பு, டெண்டர், தொலைபேசிப் பட்டியல் எல்லாம் புழங்குகிற இடம். நீங்கள் பராமரிக்கப் போகும் தளம் அதே வகைதான். "இதில் ரகசியம் ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் கூடங்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகும் கோப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. 2005இல் பாக்தாத் சோதனைச் சாவடியில் இத்தாலிய உளவு அதிகாரி நிகோலா கலிபாரி சுடப்பட்டு இறந்தார். அதைப் பற்றிய விசாரணை அறிக்கையை அமெரிக்கப் படை பிடிஎஃப் கோப்பாக வெளியிட்டது. ரகசிய வரிகளின் மேல் கறுப்புப் பட்டை. அந்தப் பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருந்தது, பிரதியெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டினால் எல்லாம் தெரிந்தது. அந்தக் காலத்துக் கிளார்க் திருத்தச் சீட்டை ஒட்டினாரே, அடியில் பழைய வரி இருந்தது போலத்தான். அது புத்தகத்துக்குள் இருந்தவரை சரி. வெளியே போகும் கோப்பை அச்சிட்டு, மறைத்து, மறுபடி ஸ்கேன் செய்து அனுப்புவது மந்தமான வழிதான், ஆனால் நம்பகமானது. புகைப்படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடக் குறிப்பையும் கோப்பில் பதிந்திருக்கும் எழுதியவர் பெயரையும் தளமே நீக்குகிற மாதிரி வையுங்கள்.

பயந்துபோய் எல்லாவற்றையும் பூட்டிவிடுவதும் பதிலல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க ஆணையம், உளவு அமைப்புகள் தகவலைத் தங்களுக்குள் பகிராததைப் பெருங்குறையாகச் சொன்னது. அதன் பிறகு கதவுகளை அகலத் திறந்தார்கள். 2010இல் ஒரே ஒரு கடைநிலை வீரர் இரண்டரை லட்சம் தூதரகக் கடிதங்களை எடுத்துக்கொண்டு போக முடிந்தது. இரண்டு பக்கமும் பள்ளம். நான் சொல்வது இது: படிக்கும் உரிமையைத் தாராளமாகக் கொடுங்கள், மொத்தமாக இறக்கும் உரிமையைக் கொடுக்காதீர்கள், யார் எதை எப்போது திறந்தார் என்ற பதிவை ஒருவர் உண்மையிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஏஐ தேடலைக் கேட்டீர்கள். பழைய பக்கங்கள் அப்படியே கிடக்கும் தளத்தில் அதைப் போட்டால், மூன்று எஸ்ஓபியையும் கலந்து நான்காவதாக ஒன்றை எழுதிக் கொடுக்கும், அதுவும் தயக்கமே இல்லாத நடையில். துப்பாக்கிச் சுடு தளத்தின் பாதுகாப்புத் தூரத்தை அப்படி ஒரு பதிலை நம்பி ஒரு ஹவில்தார் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதலில் சுத்தம் செய்யுங்கள். பிறகு போடலாம், அதுவும் உள் வலையமைப்பிலேயே ஓடுவதாக, ஒவ்வொரு பதிலுக்கும் எந்த ஆணை, எந்தப் பத்தி, எந்தத் தேதி என்று காட்டுவதாக. கேட்பவருக்குப் பார்க்க உரிமையில்லாத கோப்பின் தலைப்புகூடத் தேடல் முடிவில் வரக் கூடாது. தலைப்பே பாதி ரகசியத்தைச் சொல்லிவிடும். உள் ஆவணத்தை வெளியே உள்ள இலவச உரையாடல் செயலியில் ஒட்டிச் சுருக்கம் கேட்பதை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

பழையதை எடுங்கள் என்று இவ்வளவு சொன்னேன், அழியுங்கள் என்று சொல்லவில்லை. பார்வையிலிருந்து விலக்குவது வேறு, இல்லாமல் செய்வது வேறு. கார்கில் போரை ஆராய்ந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழு, போர்ப் பதிவுகளை முறையாகத் தொகுத்து வரலாறாக எழுத வேண்டும் என்று வலியுறுத்தியது. 2021 ஜூனில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அதற்கான கொள்கையை அறிவித்தது. போர் நாட்குறிப்புகள் உள்ளிட்ட பதிவுகளை வரலாற்றுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், வழக்கமாக 25 ஆண்டுகளில் அவற்றின் ரகசியத் தன்மையை நீக்க வேண்டும் என்கிறது அது. பயிற்சி நிலையத்தின் பழைய எஸ்ஓபி போர் நாட்குறிப்பு அல்ல என்பது தெரியும். ஆனாலும் ஒரு விதி ஏன் மாறியது என்று பின்னால் ஒருவர் கேட்பார். 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டமும் இருக்கிறது, அரசு ஆவணத்தை இஷ்டத்துக்கு அழிக்க முடியாது. தேடலில் வராத, பூட்டிய காப்பறை ஒன்று வையுங்கள். அதில் போகும் ஒவ்வொரு கோப்பிலும் எப்போது, எதனால், எதற்குப் பதிலாக விலக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கட்டும்.

எங்கே தொடங்குவது? மொத்தத் தளத்தையும் ஒரே மூச்சில் தொடாதீர்கள். தேடல் பெட்டியில் ஆட்கள் என்ன தட்டுகிறார்கள் என்ற பதிவை எடுத்துப் பாருங்கள். அதிகம் தேடப்படுவது விடுப்பு, பயணப்படி, மருத்துவம், பயிற்சி அட்டவணை என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். அவற்றை முதலில் சரிசெய்யுங்கள், பலன் ஒரே மாதத்தில் தெரியும். அடுத்ததாக, மாற்றலாகிப் போகிறவர் விடுவிப்புத் தாளில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள்: தன் பதவிக்குரிய பக்கங்களை வருகிறவரோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்தாயிற்று என்று இருவரும் கையெழுத்திட வேண்டும். பொறுப்பை ஒப்படைக்கும்போது எழுதும் ஹேண்டிங் ஓவர் நோட்டில் "அனைத்தும் சரியாக ஒப்படைக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியை ஏற்கக் கூடாது. பாதியில் நிற்கும் வேலை எது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், எதை முயன்று பார்த்துச் சரிவரவில்லை என்று மூன்று தலைப்புகள் கட்டாயமாக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் ஒப்பந்தக்காரரான உங்களுக்கு அதிகாரம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதனால் முதல் சந்திப்பிலேயே மென்பொருள் பட்டியலைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பக்க அளவில் நிலைய ஆணை ஒன்றை வரைந்து கொண்டுபோங்கள். எந்தப் பக்கத்துக்கு எந்தப் பதவி பொறுப்பு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு, தேதி தாண்டினால் பக்கம் தானாக விலகும் என்று அதில் இருக்கட்டும். கமாண்டன்ட் கையெழுத்துப் போட்டால் மேஜர் என்ன, கர்னலும் தன் பக்கத்தைச் சரிபார்ப்பார். அட்டவணைக்கு மாதிரி வேண்டுமென்றால் வெற்றுக் கட்டமாக நான் எழுதித் தருகிறேன். உங்கள் நிலையத்தின் கோப்புப் பெயர்களையோ திரையைப் படமெடுத்தோ எனக்கு அனுப்ப வேண்டாம், தம்பி. நான் ஓய்வு பெற்றவன், அதைப் பார்க்கும் உரிமை எனக்கில்லை.